பாட்டிலில் ஐந்து எண்கள்

ஏப்ரல் 4, சனி

இன்று டாக்டரிடம் நான் சொல்லாதது: ஜெனிட்டா அக்காவின் இடது கை மோதிர விரல் வீங்கி, நகத்தைச் சுற்றிக் கறுத்து, மடக்க முடியாமல் இருக்கிறது.

டாக்டர் கேட்கவில்லை என்று எழுதலாம். ஆனால் கேட்டார். ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறும்போது, கீப்பர்கள் எல்லாரும் சரியா என்று பொதுவாகக் கேட்டுவைத்தார். ஜெனிட்டா அக்கா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பச்சையை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். பச்சை என்பது ஒரு நாடு. ஜெனிட்டா அக்காவின் சாஸ்திரப்படி, தகுதிச் சுற்றில் எதிரணியின் நாட்டுப் பெயரைச் சொன்னால் கோல் விழும். அதனால் சட்டையின் நிறம்தான் சொல்ல வேண்டும். பச்சை, வெள்ளை, சிவப்பு, நாங்கள் நீலம். பிரிவில் நான்கு அணிகள். முதலிடம் பிடிக்கும் ஒன்று மட்டும் கால்பந்து சாம்பியன்ஷிப்புக்குப் போகும். மற்ற மூன்றும் வீட்டுக்கு. சிவப்பு, போட்டியை நடத்தும் நாடு. அவர்களோடு கடைசி ஆட்டம். முதல் நாளே முழு அணியும் இந்தச் சாஸ்திரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் இந்த நோட்டில்கூட நிறம்தான் எழுதுகிறேன்.

எழுபதாவது நிமிடத்தில் பந்தைத் தட்டப் பாய்ந்தபோது ஜெனிட்டா அக்காவின் கை கோல் கம்பத்தில் மோதியது. எழுந்து, கிளவுஸைக் கழற்றாமல், மீதி இருபது நிமிடத்தையும் ஆடி முடித்தாள். அறைக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் கழற்றினாள். கழற்றவே கால் மணி நேரம் ஆயிற்று.

"ஏட்டி அருள்விழி, அந்த டேப்ப எடு. நடுவிரலோட சேத்துச் சுத்து. இறுக்கிச் சுத்துட்டி, பூ கட்டுத மாதிரி சுத்தாத."

"டாக்டர்கிட்ட காட்டலாம்க்கா."

"காட்டுனா என்ன செய்வாரு? படம் எடுப்பாரு. எடுத்தா வெளிய உக்காத்திருவாரு. எனக்கு இருவத்தொம்பது வயசு. இது மூணாவது தகுதிச் சுற்று. நாலாவது கெடையாது."

கீப்பர்கள் எப்போதும் விரலில் டேப் சுற்றுவார்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். விடுதியில் காலை உணவுக்குச் சாயம் பூசிய முட்டை வைத்திருந்தார்கள். தன் ஊரான தூத்தூரில் இன்று எப்படி இருக்கும் என்று ஜெனிட்டா அக்கா ஒரு மணி நேரம் சொன்னாள். கோயில் மைதானத்தில் திரை கட்டியிருக்கிறார்களாம். பத்தாம் தேதி ஆட்டத்தை ஊரே உட்கார்ந்து பார்க்கப் போகிறதாம். இதையெல்லாம் இடது கையை ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். முட்டையை நான் உரித்துக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர், தமிழ்ப் பெண்களுக்குள் என்ன பாசம் என்றார்.

பூசைக்குப் போக அனுமதி கேட்டாள். மேனேஜர் மறுத்துவிட்டார். பிறகு அறைக்கு வந்து என்னிடம் சத்தியம் கேட்டாள். பைபிளை நீட்டினாள், உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்கு இதுல பலிக்காது. நீ வாசிக்கிற அந்தத் தடி பொஸ்தகத்து மேல கை வச்சு சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

முந்நூறு பக்கமாக ஒருவரும் உண்மை பேசாத ஒரு ரஷ்ய நாவலின் மீது கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

மதியப் பயிற்சியில் தோய்பியின் கணுக்கால் பிசகிவிட்டது. தோய்பி இரண்டாவது கீப்பர். இரண்டு வாரம் கால் ஊன்றக் கூடாதாம். நான் மூன்றாவது.

மூன்றாவது கீப்பரின் வேலைகள்: பந்துகளை எண்ணுவது, பயிற்சி மேல்சட்டைகளைக் காயவைப்பது, தண்ணீர் பாட்டில்களில் பெயர் எழுதுவது, எதிரணி ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது. ஆடுவது இதில் வராது. அதில் ஒரு நிம்மதி உண்டு, அதை யாரிடமும் சொல்ல முடியாது. இன்று அது போய்விட்டது. இனி ஜெனிட்டா அக்காவுக்கு அடுத்து நான்.

ஏப்ரல் 6, திங்கள்

மழை. பதினெட்டு மேல்சட்டைகள், ஒன்றும் காயவில்லை. குளியலறைக் கம்பி, நாற்காலி, ஜன்னல் திரைக்கோல் எல்லாவற்றிலும் தொங்குகின்றன. அதோடு ஜெனிட்டா அக்கா பைக்குள் ஒளித்துக்கொண்டுவந்த கருவாட்டுப் பொடி. அறை சுத்தம் செய்யும் பெண் வாசலில் நின்று ஒரு முறை மூச்சிழுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அவளோடு போய்விட வேண்டும் போலிருந்தது.

கொண்டுவந்த நான்கு புத்தகங்களும் முடிந்துவிட்டன. வரவேற்பறையில் அச்சிட்டதாக இருந்தது ஒன்றுதான்: போட்டி விதிமுறைகள், அறுபத்து நான்கு பக்கம். எடுத்துவந்து படித்துவிட்டேன். மோசமில்லை. ரஷ்ய நாவலைவிடத் தெளிவு.

ஏப்ரல் 7, செவ்வாய்

வெள்ளையை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கோலை நோக்கி வந்தது மூன்றே பந்து. மூன்றையும் ஜெனிட்டா அக்கா பிடிக்காமல் வலது கை முஷ்டியால் குத்தி அனுப்பினாள். கீப்பர் பயிற்சியாளர் எத்திராஜ் சார் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாட்டில்களைப் பார்த்தேன்.

ஏப்ரல் 8, புதன்

இன்று கூட்டத்தில் சொல்லாதது: மேனேஜர் கையில் வைத்திருப்பது பழைய விதிமுறை.

நிலவரம் இது. சிவப்பும் எங்களைப் போலவே ஒருவரை மூன்றுக்குப் பூஜ்யம், ஒருவரை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்திருக்கிறது. புள்ளி சமம், அடித்த கோல் சமம், வாங்கிய கோல் இருவருக்குமே இல்லை. வெள்ளிக்கிழமை ஜெயிப்பவர் போவார். சமனானால்?

மேனேஜர் தன் நீல ஃபைலைத் திறந்தார். அது ராசியான ஃபைல். நான்கு வருடத்துக்கு முன்பு இவர் போன ஏதோ ஒரு போட்டியில் அணி தகுதி பெற்றபோது கையில் இருந்ததாம். அதிலிருந்து எந்தப் போட்டிக்குப் போனாலும் அதே ஃபைல், உள்ளே அதே காகிதம். அதன்படி, எல்லாம் சமனானால் மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய அணி முதலிடம். நமக்கு இரண்டு, சிவப்புக்கு ஐந்து. ஆகவே சமன் செய்தால் போதும், யாரும் முரட்டுத்தனமாக ஆடி அட்டை வாங்கிவிடாதீர்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தலைமைப் பயிற்சியாளர் மேடம்கூடத் தலையசைத்தார்.

இந்த வருட விதிமுறை, முப்பத்தொன்றாம் பக்கம்: சமனான இரண்டு அணிகளும் கடைசி ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதினால், ஆட்டம் முடிந்த உடனே அதே மைதானத்தில் பெனால்டி. மஞ்சள் அட்டைக் கணக்கு அதற்கும் பிறகுதான்.

கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். மூன்றாவது கீப்பர் எழுந்து பெனால்டி என்று சொன்னால் எப்படிக் கேட்கும்? தனக்கு இடம் கேட்பதுபோல் கேட்கும். எனக்கு எந்த இடமும் வேண்டாம்.

மாலையில் சிவப்பு அணியின் பயிற்சியைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் விட்டார்கள். அவர்கள் பெனால்டி மட்டும்தான் பயின்றார்கள். அவர்களிடம் சரியான காகிதம் இருக்கிறது. அடித்தவர்களின் எண்களையும் பந்து போன பக்கத்தையும் எழுதிக்கொண்டேன். அறைக்கு வந்து அவர்களுடைய பழைய வீடியோக்களோடு ஒப்பிட்டேன். மாறவேயில்லை. மனிதர்கள் ஒரே பக்கமே அடிக்கிறார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

சொன்னேன். மேனேஜரிடம் அல்ல, எத்திராஜ் சாரிடம். அவர் வியாசர்பாடிக்காரர். இந்த அணியில் என்னிடம் முழு வாக்கியத்தில் பேசும் மூன்று பேரில் ஒருவர். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, காகிதத்தை மூக்கருகே வைத்துப் படித்தார்.

"இத்த எப்பொ பாத்த?"

"திங்கக்கெழம சார்."

"இன்னிக்கு வியாழக்கெழம. மூணு நாளா இன்னா, அடை காத்துட்டு இருந்தியா?"

"மேனேஜர் தெரிஞ்சு வச்சிருப்பாருன்னு நெனச்சேன் சார்."

"அவருக்கு அந்த ஃபைலு கலரு தெரியும். வா."

மேனேஜர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு, கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று என்மீது கோபப்பட்டார். கடைசியில் போட்டி நடத்துபவர்கள் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்று முடித்தார். விதிமுறைப் பிரதிகள் வரவேற்பறையில் ஆறு நாளாக, பழக்கூடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. இதையும் நான் சொல்லவில்லை.

மேடம் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார். ஒரு மாற்று ஆட்டக்காரரைக் கடைசிவரை பயன்படுத்தாமல் வைக்க வேண்டும், பெனால்டி வந்தால் கீப்பரை மாற்ற வழி இருக்க வேண்டும் என்றார். மாற்ற இருப்பது ஒரே கீப்பர். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் எத்திராஜ் சார் நடையை மெதுவாக்கினார்.

"ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு. ஜெனிட்டா கையி எப்டி கீது?"

"நல்லா இருக்கு சார்."

"நெசமா?"

"டேப் வழக்கமா சுத்துறதுதான் சார்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போய், "கண்ணூர்ல நடந்தத இன்னும் தூக்கினு சுத்துறியா?" என்றார்.

கண்ணூரில் நடந்தது இதுதான், ஒரே முறை எழுதிவைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் தேசியப் போட்டியின் அரையிறுதி. பெனால்டிக்கு நான் நின்றேன். ஐந்து பந்து, ஐந்தும் கோல். ஐந்தாவதற்கு நான் அசையவே இல்லை. கால் வரவில்லை. எல்லாரும் நடுவில் நிற்பது தந்திரம் என்று நினைத்தார்கள்.

சத்தியம் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்லவில்லை. ஒருவர் வைத்த நம்பிக்கையை உடைப்பது என் பழக்கம் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மூன்று மணிக்கு ஆட்டம். விரல் இன்று நாவல்பழ நிறம். ஏழு சுற்றுச் சுற்றினேன். மேல்சட்டைகள் ஒருவழியாகக் காய்ந்துவிட்டன.

ஏப்ரல் 11, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் சிவப்பு கோல் அடித்தது. ஜெனிட்டா அக்காவின் இடது பக்கம், தரையோடு வந்த சாதாரணப் பந்து. கையில் பட்டு, கையைத் தாண்டி உள்ளே போனது. அறுபத்து நான்கில் எங்கள் கேப்டன் தலையால் முட்டிச் சமன் செய்தாள். அதன் பிறகு இரண்டு அணியும் எதற்கும் துணியவில்லை.

எண்பத்தேழாவது நிமிடத்தில் எத்திராஜ் சார் பெஞ்சின் ஓரத்துக்கு வந்து என் முன்னால் குந்தினார்.

"எந்திரி. ஒடம்ப சூடு பண்ணு. நீதான் நிக்கிற."

"யாரு சொன்னாங்க சார்?"

"மேடம் சொல்ட்டாங்க. யார் எங்க அடிப்பான்னு ஒனக்குத்தான தெரியும்? எழுதுனவளே நிக்கட்டுமேன்றாங்க. எனக்கும் அதான் தோணுது."

"ஜெனிட்டா அக்காவே நிக்கட்டும் சார். அவங்களுக்கு அனுபவம் இருக்கு. நான் எழுதிக் குடுத்துடுறேன்."

"விழி."

"ஆட்டம் முழுக்க நின்னவங்க சார் அவங்க. கடைசி நிமிஷத்துல வெளிய கூப்பிட்டா எப்படி இருக்கும்?"

அவர் என் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு எங்கள் தமிழ் புரியாது. அவர் எழுந்து மேடமிடம் போனார். மேடம் என் பக்கம் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையை வீசினார். அவ்வளவுதான். அனுபவத்தை மதித்துத்தான் சொன்னேன்.

ஜெனிட்டா அக்காவின் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். 9 இடது. 4 வலது. 11 இடது. 7 நில். 2 இடது. எல்லாம் கீப்பர் பக்கத்திலிருந்து. தமிழில் எழுதியதால் சிவப்பின் கீப்பர் இரண்டு முறை எட்டிப் பார்த்தும் பயனில்லை. எழுதும்போதே தெரிந்தது, மூன்று இடது. கை நிற்கவில்லை, எழுதிக்கொண்டே போனது.

பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இடதுதான் நெறைய இருக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

"சரி" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். நடுவர் விசில் ஊதினார்.

நாங்கள் முதலில் அடித்தோம். ஒன்பதாம் எண் இடது பக்கம் அடித்தாள். ஜெனிட்டா அக்கா சரியாகப் பாய்ந்தாள், பந்து கையில் பட்டு உள்ளே போனது. நான்காம் எண் வலது. வலது கையால் முழுதாகத் தள்ளிவிட்டாள். எங்கள் பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது, பாட்டிலில் இருப்பது உண்மை என்று எல்லாருக்கும் அப்போது தெரிந்துவிட்டது. பதினொன்று இடது, கையில் பட்டு உள்ளே. ஏழு நடுவில். அவள் நின்றாள், பந்து தலைக்கு மேலே வலையின் கூரையைத் தொட்டது. எங்களில் ஒருத்தி மேலே அடித்துவிட்டாள், இன்னொருத்தியுடையதை அவர்கள் கீப்பர் பிடித்துவிட்டாள். ஆக, நாங்கள் ஐந்தையும் அடித்து முடித்தபோது மூன்றுக்கு மூன்று. அவர்களுக்கு ஒன்று பாக்கி. இரண்டாம் எண். இடது.

ஜெனிட்டா அக்கா பந்து காலை விட்டுக் கிளம்பும் முன்பே கிளம்பிவிட்டாள். இவ்வளவு துல்லியமான பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. பந்து இடது உள்ளங்கையின் நடுவில் விழுந்தது. நல்ல கையாக இருந்தால் ஒரு குழந்தையின் பந்தைத் தடுப்பதுபோல் தடுத்திருக்கலாம். விரல்கள் பின்னால் மடங்கின.

சிவப்பு போகிறது. ஐந்தும் நான் எழுதிய பக்கமே வந்தன.

ஏப்ரல் 12, ஞாயிறு

விமான நிலையம். மேனேஜர் நீல ஃபைலைக் கைப்பெட்டியில் வைத்திருக்கிறார், இன்னும் தூக்கிப்போடவில்லை. என்னிடம் வந்து, உன் குறிப்பு அருமை, அடுத்த முறை எல்லா ஆட்டத்துக்கும் எழுது என்றார். நன்றி சொன்னேன்.

டாக்டர் நேற்று படம் எடுத்தார். இரண்டு இடத்தில் முறிவு. இது ஆறேழு நாள் பழையது, எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று எல்லாரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எத்திராஜ் சார் ஜன்னல் வழியாக விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. முழு வாக்கியத்தில் பேசுபவர்கள் இப்போது இரண்டு பேர்.

ஜெனிட்டா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை மாவுக்கட்டில். பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் பிரிக்கப் பார்த்தாள். வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன்.

"ஊர்ல திரைய அவுத்தாச்சாம்" என்றாள்.

"சாரிக்கா."

"நீ என்னத்துக்குச் சாரி சொல்லுத? எல்லாம் சரியாத்தான எழுதியிருந்த." ஒரு பிஸ்கட்டை முழுதாக மென்று முடித்தாள். "ஒண்ணு சொல்லட்டா? தெனமும் நீ டேப்பு சுத்தும்போ நெனப்பேன். இன்னைக்கு இவ போயி சொல்லிருவா, நான் தப்பிச்சிருவேன்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு வந்த கோபத்தில் காது அடைத்தது.

"நீங்கதான சத்தியம் வாங்குனீங்க?"

"வாங்குனேன். நானா போயி முடியலன்னு சொல்ல வாய் வராதுட்டி, கோயில் மைதானத்துல திரை கட்டி வச்சிருக்கானுவ. நீ சொல்லிட்டா ஒன்னைய நாலு நாளு ஏசுவேன், அதோட முடிஞ்சிரும். நீ நிப்ப. ஒனக்குத்தான் எல்லாப் பக்கமும் தெரியுமே." பிறகு, "பாட்டில நீ கொண்டாந்தப்பக்கூட, குடுக்க வரல, என்னைய மாத்திட்டு நிக்கத்தான் வாறன்னு நெனச்சேன்" என்றாள்.

"அப்ப கேட்டிருக்கலாமேக்கா. ஒரு வார்த்தை."

"நீயும் சொல்லிருக்கலாமே. ஒரு வார்த்தை."

நான் சத்தியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில், "அந்தப் பொஸ்தகம் நல்லாருக்குமா? குடு, ஆறு வாரம் சும்மாத்தான் இருக்கணும்" என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு கையால் பிரித்து முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள். மேடம் என்னைத்தான் நிற்கச் சொன்னார் என்பதையும், நான் மறுத்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

ஆகஸ்ட் முகாமுக்கான பட்டியல் வந்தது. கீப்பர்கள் மூன்று பேர்: அருள்விழி, தோய்பி, நான் கேள்விப்படாத புதிய பெண் ஒருத்தி. என் பெயர் முதலில். ஜெனிட்டா அக்கா மே மாதமே ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டாள். அவள் இனி ஆடவில்லை. வருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.